அப்பா லாமா (டாக்டர் பேச்ச மீறி தானா போறது) போட்டு வீட்டுக்கு போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு, கையெழுத்து போட்டா என்ன ஆகும்?

கேஜிஎஃப்_பையன் | வெள்ளி இரவு 8:52

மக்களே அவசரமா ஒரு கேள்வி, பெங்களூர்ல இத நேர்ல பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை காய்ச்சல் ஆரம்பிச்சுது, ரெண்டு நாள் டோலோ போட்டு ஓட்டினாரு, செவ்வாய்க்கிழமை ரத்தம் பாத்தா டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ், புதன் காலைல கே.ஆர்.புரம் பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேத்தோம், பேரு வேணாம். சேத்தப்ப தனி ரூம் தவிர எதுவும் காலி இல்லைன்னுட்டாங்க, நாள் வாடகையே 7500.

இப்ப நேத்து ராத்திரில இருந்து காய்ச்சல் சுத்தமா இல்ல. நல்லா பேசறாரு, எழுந்து நடக்கறாரு. நேத்து பிளேட்லெட் 81 ஆயிரம், இன்னிக்கு காலைல 62 ஆயிரம். டாக்டர் இன்னும் ரெண்டு நாள் இருக்கணும்னு சொல்றாரு. ஆனா அப்பா மத்தியானம் எனக்கு தெரியாம சிஸ்டர்கிட்ட பில் எவ்வளவுன்னு கேட்டுட்டாரு, அவங்களும் 64 ஆயிரம்னு பட்டுனு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்) சாம்பியன் ரீஃப்ஸ்ல 22 வருஷம் சுரங்கத்துக்குள்ள இறங்கின மனுஷன், 2001ல மைன்ஸ் மூடினப்புறம் தினம் விடியக்காலை மாரிக்குப்பம் ட்ரெயின புடிச்சு இங்க வந்து செக்யூரிட்டி வேலை பாத்து எங்கள படிக்க வெச்சவரு, அவருக்கு 64 ஆயிரம்னா என்னன்னு உங்களுக்கே புரியும். "காய்ச்சல் விட்டுப்போச்சு, இன்னும் எதுக்குடா படுத்துக்கெடக்கணும், எங்க மைன்ஸ் ஆஸ்பத்திரில ஒருத்தன் எங்கிட்ட காசு கேட்டிருப்பானா, கார புக் பண்ணு ஊருக்கு போலாம்" அப்படின்னு சாயங்காலத்துல இருந்து ஒரே பாட்டு. ஊருன்னா கேஜிஎஃப்ல ராபர்ட்சன்பேட்டை, இங்கருந்து 100 கிலோமீட்டர்.

ட்யூட்டி டாக்டர்கிட்ட சொன்னா ஒரு ஃபார்ம நீட்டி "லாமா சைன் மாடி சார், ரிஸ்க் உங்களுது"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. டாக்டர் பேச்ச மீறி நாங்களே போறோம், என்ன ஆனாலும் எங்க பொறுப்புன்னு அதுல எழுதியிருக்கு. கீழ இன்சூரன்ஸ் டெஸ்க்ல ஒரு பையன் லாமான்னா கிளெய்ம் மொத்தமா ரிஜெக்ட் ஆயிடும்ங்கறான். பக்கத்து ரூம் அட்டெண்டர் ஒருத்தர், கையெழுத்து போட்டா திரும்ப இதே ஆஸ்பத்திரில சேத்துக்க மாட்டாங்க, ரிப்போர்ட்டும் தர மாட்டாங்கங்கறாரு. எது நிஜம்? எனக்கு கம்பெனி குரூப் பாலிசில அம்மா அப்பா ரெண்டு பேரும் இருக்காங்க, ரூம் லிமிட் 5000. நான் போடறதா வேணாமா?


சிவாஜிநகர்_சிங்கம் | வெள்ளி இரவு 9:05

கூட்டிட்டு போயிடுங்க ப்ரோ. டெங்குக்கு மருந்தே கிடையாது, ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏத்திட்டு லட்சம் பில்லு போடறானுங்க. எங்க அண்ணனுக்கு போன வருஷம் பப்பாளி இலை சாறு குடுத்து வீட்லயே சரி பண்ணோம். எல்லாம் பிசினஸ்.


நைட்ஷிஃப்ட்_சிஸ்டர் | வெள்ளி இரவு 9:31

சிங்கம் அண்ணா, உங்க அண்ணனுக்கு என்ன வயசு, சுகர் இருந்துதா? இவரு அப்பாவுக்கு 68.

கேஜிஎஃப் தம்பி, நான் 14 வருஷமா மெடிக்கல் வார்டு நர்ஸ், இந்த ஊர்லதான். உங்க ஆஸ்பத்திரி இல்ல, அதனால பில்லுக்கு நான் வக்காலத்து வாங்க வரல. முதல்ல அந்த ஃபார்ம மடிச்சு பாக்கெட்ல வைங்க, ஏன்னு சொல்றேன்.

டெங்குல காய்ச்சல் அடிக்கற நாள விட காய்ச்சல் விடற நாள்தான் எங்களுக்கு பயம். மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, ஜுரம் இறங்கற நேரம் பாத்து சிலருக்கு ரத்தக்குழாய்ல இருந்து தண்ணிச்சத்து கசிய ஆரம்பிக்கும், அது போயி வயித்துலயும் நுரையீரல சுத்தியும் கோத்துக்கும், குழாய்க்குள்ள மிச்சம் இருக்கற ரத்தம் கெட்டியாயிடும், பிபி விழும். இந்த கண்டம் ஒரு 24லருந்து 48 மணி நேரம். அந்த நேரத்துல ஆளு நல்லா பேசுவாரு, நடப்பாரு, வீட்டுக்கு போறேன்னு சண்டை போடுவாரு, உங்க அப்பா மாதிரியே. நான் பாத்த லாமா கேஸ்ல டெங்குக்காரங்க பாதிப்பேரு ஜுரம் விட்ட அன்னிக்குதான் கையெழுத்து போட்டாங்க. அதுல ஒருத்தர் மறுநாள் காலைல கை கால் சில்லிட்டு ஆம்புலன்ஸ்ல திரும்பி வந்தாரு, நேரா ஐசியூ. ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்ச காய்ச்சல், இன்னிக்கு வெள்ளி, ஆறாவது நாள். கணக்கு போட்டு பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, நம்மாளுங்க எல்லாரும் பிளேட்லெட்டையே எண்ணிட்டு இருப்பீங்க. அத விட பிசிவின்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க அதே ரிப்போர்ட்ல, ஹீமடோக்ரிட்னும் போட்டிருப்பாங்க, அதுதான் ரத்தம் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு சொல்லும். சேத்த அன்னிக்கு எவ்வளவு, இன்னிக்கு எவ்வளவுன்னு பாருங்க. அது 20 சதவீதம் ஏறிச்சுன்னா கசிவு நல்லாவே இருக்குன்னு அர்த்தம். அப்புறம் பிபில மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் நடுவுல இடைவெளி 20க்கு வந்துட்டா ஒரு நிமிஷம் கூட தள்ளிப்போடக்கூடாது. வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், ஆளு ஒரு மாதிரி சோர்ந்து போறது இல்ல படபடன்னு இருப்பு கொள்ளாம இருக்கறது, மூத்திரம் குறையறது, இதுல ஏதாவது இருக்கான்னு இப்பவே கேளுங்க. சுகர்காரர்னா எக்கோஸ்பிரின், அதான் ரத்தம் உறையாம இருக்க போடற ஆஸ்பிரின் மாத்திரை, போடறாரான்னும் பாத்து டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துங்க, பல பேரு வீட்டு மாத்திரைய தலகாணிக்கு அடில வெச்சு தானா போட்டுக்குவாங்க.

பிளேட்லெட் 62 ஆயிரத்துக்கு யாரும் பிளேட்லெட் ஏத்தணும்னு சொன்னா ஏன்னு கேளுங்க, ரத்தக்கசிவு இல்லாதப்ப பொதுவா 10 ஆயிரத்துக்கு கீழ போனாதான் அந்த பேச்சே. எங்க தொழில்ல தப்பு நடக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்கு அனுப்பணும்னா மாத்திரை இல்லாம 24 மணி நேரம் ஜுரம் வரக்கூடாது, பசி எடுக்கணும், மூத்திரம் நல்லா போகணும், பிளேட்லெட் 50 ஆயிரத்துக்கு மேல இருக்கணும், அதுவும் ஏறுமுகமா இருக்கணும். உங்க அப்பாவுக்கு இன்னும் இறங்குமுகம். இந்த நிலைமைல 100 கிலோமீட்டர் கார்ல கூட்டிட்டு போயி, ராத்திரி ரெண்டு மணிக்கு பிபி விழுந்தா திரும்ப பெங்களூருக்குதானே ஓடி வரணும்.

பக்கத்து ரூம்காரர் சொன்னதுக்கு வரேன். லாமா போட்டவங்கள திரும்ப சேத்துக்க மாட்டோம்னு எவனும் சொல்ல முடியாது, எமர்ஜென்சின்னு வந்தா பாத்தே ஆகணும். டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், அடுத்து போட வேண்டிய மருந்து சீட்டு எல்லாம் லாமா பேஷண்டுக்கும் உண்டு. மெடிக்கல் கவுன்சில் 2002 விதிப்படி ரெக்கார்ட் எழுதிக்கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும். அந்த ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டா ஆஸ்பத்திரி எல்லா தப்புல இருந்தும் தப்பிச்சுதுன்னும் கிடையாது, போனா என்ன ஆபத்துன்னு உங்களுக்கு புரியற மொழில சொல்லிட்டு அப்புறம்தான் வாங்கணும். "ரிஸ்க் உங்களுது"ன்னு ஒரு வரிய கன்னடத்துல சொல்லிட்டு போறது விளக்கம் இல்ல. அந்த ட்யூட்டி டாக்டர் தூங்கி எத்தன மணி நேரம் ஆச்சோ, ஆனாலும் அது தப்பு.

முக்கியமா ஒண்ணு, கையெழுத்து நீங்க போட வேண்டியதே இல்ல. அப்பா சுயநினைவோட தெளிவா இருக்காரு, முடிவு அவரோடது. 2008ல சமீரா கோலி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, தெளிவா இருக்கற வயசு வந்தவங்களுக்கு பதிலா சொந்தக்காரங்க சம்மதம் செல்லாதுன்னு. அதனால வாதாட வேண்டியது டாக்டரோட இல்ல, அப்பாவோட. அதுக்கு என்ன வழின்னா, ராத்திரி ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர அப்பாகிட்டயே தமிழ்ல பேச சொல்லுங்க, இல்லைன்னா தமிழ் தெரிஞ்ச சிஸ்டர் யாராவது ஃப்ளோர்ல இருப்பாங்க, இந்த ஊர்ல இல்லாம இருக்க மாட்டாங்க.


சிவாஜிநகர்_சிங்கம் | வெள்ளி இரவு 9:40

அண்ணனுக்கு 34 வயசு, சுகர் இல்ல. சரி சிஸ்டர் நான் வாய மூடிக்கறேன். பில்லு விஷயத்துல மட்டும் மாத்திக்க மாட்டேன்.


முன்னாள்_டிபிஏ | வெள்ளி இரவு 10:02

பில்லு விஷயத்துக்கு நான் வரேன். ஆறு வருஷம் டிபிஏல, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம பாக்கற ஏஜென்சில, கிளெய்ம் பாத்தவன்.

லாமான்னா மொத்தமா ரிஜெக்ட்னு அந்த டெஸ்க் பையன் சொன்னது அரைகுறை. இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ போட்டிருக்கற 18 பொது விலக்குல (கிளெய்ம் குடுக்க வேண்டாத விஷயங்கள்) லாமான்னு ஒண்ணு கிடையாது. உங்க பாலிசில தனியா ஏதாவது வரி இருக்கான்னு மட்டும் ஹெச்ஆர்கிட்ட வாங்கி பாருங்க. அட்மிஷன் தேவைதான், 24 மணி நேரம் தாண்டியாச்சு, அதனால அது வரைக்கும் ஆன செலவ கேக்கற உரிமை இருக்கு. நடைமுறைல என்ன ஆகும்னா கேஷ்லெஸ் கடைசி நேரத்துல நிக்கும், நீங்க கைக்காசு கட்டி அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட்ல போடுங்கம்பாங்க, அங்க உக்காந்து ஒருத்தர் "பேஷண்ட் தானாவே போயிட்டாரு, அப்படின்னா அட்மிஷனே தேவையா"ன்னு ஒரு கேள்விய கெளப்புவாரு. நானே கெளப்பியிருக்கேன், அதுக்குதான் சம்பளம். மறுத்தா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, ஒரு மாசத்துல பதில் வரலைன்னா இல்ல திருப்தி இல்லைன்னா புகார விசாரிக்கற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் கிட்ட போலாம், பெங்களூர்லயே ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது. ஆனா அதுக்கெல்லாம் ஆறு மாசம் அலையணும். அதுவும் இல்லாம இப்ப போயிட்டு ரெண்டு நாள்ல திரும்ப வந்து சேந்தா, 45 நாளுக்குள்ள அதே வியாதின்னா ஒரே நோயாதான் கணக்கு வரும்.

உங்க நிஜமான ஓட்டை எங்க இருக்கு தெரியுமா, அந்த ரூம்ல. லிமிட் 5000, நீங்க இருக்கறது 7500 ரூம். வித்தியாசம் 2500தானேன்னு நினைப்பீங்க. பல பாலிசில அப்படி இல்ல, டாக்டர் ஃபீஸ், நர்சிங் சார்ஜ் எல்லாத்துலயும் அதே விகிதத்துல, அதாவது மூணுல ஒரு பங்கு வெட்டுவாங்க. மருந்துலயும் டெஸ்ட்லயும் மட்டும் அந்த வெட்டு கூடாது. அதனால இந்த நிமிஷமே போயி ட்வின் ஷேரிங்கோ ஜெனரல் வார்டோ காலி இருக்கான்னு கேளுங்க. சேக்கும்போது தனி ரூம்தான் இருக்குன்னு சொன்னவங்க ரெண்டு நாள் கழிச்சு தானா வந்து மாத்தித்தர மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும். உங்க அப்பாவோட பிரச்சினை டெங்கு இல்ல, 64 ஆயிரம். அந்த மீட்டர் மெதுவா ஓடுதுன்னு காட்டுங்க, ஆளு அடங்கிடுவாரு.


ஜெயநகர்_9வது_பிளாக் | வெள்ளி இரவு 10:15

ஒரு சின்ன சேர்க்கை. காசுதான் காரணம்னா லாமா வேற, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தறது வேற. எங்க மாமாவுக்கு நெஞ்சு வலின்னு ஒரு பிரைவேட்ல சேத்தோம், ஸ்டென்ட் வெக்கணும்னாங்க, தொகைய கேட்டு எல்லாரும் லாமா போட்டு கவர்மென்ட் ஹார்ட் ஆஸ்பத்திரி ஜெயதேவாவுக்கு போயிடலாம்னு கெளம்பிட்டோம். ஒரு வயசான டாக்டர்தான் நிறுத்தி, நீங்க ஏன் லாமா போடறீங்க, ரெஃபரல் லெட்டர் எழுதித்தரேன்னு இசிஜி, ட்ரோபோனின் ரிப்போர்ட், குடுத்த ஊசி விவரம் எல்லாம் வெச்சு, ஆக்சிஜன் வெச்ச ஆம்புலன்ஸ்ல அனுப்பினாரு. அங்க போனதும் முதல்ல இருந்து எல்லாத்தையும் ஆரம்பிக்க வேண்டி வரல. லாமான்னு எழுதி வெறுங்கையோட ஆட்டோல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சா வயிறு கலங்குது. டெங்குக்கும் அதே மாதிரி பவுரிங், விக்டோரியான்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு. ஆனா இந்த ராத்திரில இல்ல, சிஸ்டர் சொன்ன அந்த 48 மணி நேரம் கழிச்சு யோசிங்க.


அல்சூர்_ஏரிக்கரை | வெள்ளி இரவு 11:20

உங்க கேள்விக்கு இது பதில் இல்ல தம்பி, ஆனா லாமான்னு தலைப்ப பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

2023ல எங்க மாமியாருக்கு நுரையீரல் கேன்சர், பரவிடுச்சு. மூச்சு திணறி ஐசியூல போட்டாங்க, வென்டிலேட்டர், பதினோரு நாள். இனிமே திரும்ப வர மாட்டாங்கன்னு டாக்டரே தனியா கூப்ட்டு சொன்னாரு. அப்ப ட்யூப எடுத்துடுங்க நிம்மதியா போகட்டும்னு என் வீட்டுக்காரர் கேட்டதுக்கு, அத நாங்க செய்ய முடியாது, சட்டப்பிரச்சினை வரும், வேணும்னா நீங்க லாமா போட்டு கூட்டிட்டு போங்கன்னாங்க. போட்டோம். ஆம்புலன்ஸ்ல ஒரு பையன் மூச்சு குடுக்கற அம்பு பேக கையால அமுக்கிட்டே வந்தான், அல்சூர்ல எங்க வீட்டு மாடிப்படில ஸ்ட்ரெச்சர் திரும்பல, போர்வைல தூக்கினோம். கட்டில்ல படுக்க வெச்சு அந்தப் பையன் ட்யூப உருவிட்டு, கையெழுத்து வாங்கிட்டு போயிட்டான். மார்ஃபின் இல்ல, ஆக்சிஜன் இல்ல, என்ன பண்ணணும்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷத்த எழுத எனக்கு வார்த்தை இல்ல. அதுக்கப்புறம் சாவுக்கு காரணம் எழுதி சர்டிபிகேட் குடுக்க டாக்டர் கிடைக்கல, வீட்ல செத்தா 4ஏ ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்து வேணுமாம், லாமா பேப்பர பாத்ததும் தெருவுல இருக்கற கிளினிக்காரரே கைய விரிச்சுட்டாரு. கல்பள்ளி சுடுகாட்டுக்கு போறதுக்குள்ள பொழுது சாஞ்சுடுச்சு.

அப்புறம்தான் தெரிஞ்சுது, இதுக்கு 2018லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, குணமாக வழியே இல்லைன்னா மெஷின நிறுத்தலாம், அதுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளயே டாக்டருங்க ரெண்டு போர்டா உக்காந்து பாக்கணும்னு. 2023 ஜனவரில அந்த வழிமுறைய சுலபமாவும் பண்ணிட்டாங்க. எங்களுக்கு நடந்தது அதுக்கு அப்புறம், ஆனா யாரும் வாய தொறக்கல. 2025 ஜனவரி 30ல கர்நாடகா சுகாதாரத்துறையே இத நடைமுறைப்படுத்தணும்னு சர்க்குலர் போட்டிருக்கு. அதனால இந்த நிலைமைல யாராவது படிச்சா, லாமா ஃபார்ம நீட்டினா வாங்காதீங்க, வலி தெரியாம நிம்மதியா பாத்துக்கற பாலியேட்டிவ் கேர் டீம கூப்பிடுங்கன்னு கேளுங்க. கேன்சர் முத்தினவங்கள வெச்சு பாத்துக்க மாரத்தஹள்ளி பக்கம் கருணாஷ்ரயா இருக்கு, ஒரு பைசா வாங்கறதில்ல. எங்க வீட்ல இருந்து ஒரு மணி நேரம்தான், அது எங்களுக்கு அன்னிக்கு தெரியல.


நைட்ஷிஃப்ட்_சிஸ்டர் | வெள்ளி இரவு 11:34

அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஃபோன கீழ வெச்சுட்டேன். எங்க ரெஜிஸ்டர்ல இந்த மாதிரி கேஸையும் லாமான்னுதான் எழுதறோம், கோவிச்சுட்டு போனவரும் அதே கட்டத்துல, உங்க மாமியாரும் அதே கட்டத்துல. அது எனக்கும் உறுத்தும்.


கேஜிஎஃப்_பையன் | சனி காலை 6:10

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி முழுக்க தூங்கல. பிசிவி பாத்தேன், சேத்தப்ப 41, நேத்து காலைல 44. பத்தரைக்கு திரும்ப எடுக்க சொல்லி கேட்டேன், 47 வந்துச்சு. பெரிய டாக்டரே ஃபோன்ல வந்து டிரிப்ஸ கணக்கு பண்ணி மாத்த சொன்னாரு. ஃப்ளோர்ல நிஜமாவே ஒரு தமிழ் சிஸ்டர் இருந்தாங்க, எங்க கேஜிஎஃப் ஆண்டர்சன்பேட்டைகாரங்க! அவங்க அப்பாவும் மைன்ஸ்ல இருந்தவராம். எந்த ஷாஃப்ட், எந்த லைன் வீடுன்னு கால் மணி நேரம் ரெண்டு பேரும் பேசினாங்க, அதுக்கப்புறம் அந்தம்மா சொன்னதுக்கெல்லாம் அப்பா தலையாட்டறாரு, நான் மூணு மணி நேரமா கத்தினதுக்கு மதிப்பே இல்ல.

ராத்திரியே ட்வின் ஷேரிங்குக்கு மாத்திட்டோம், 4200. அத கேட்டப்புறம்தான் அவரு செருப்ப கழட்டினாரு, அது வரைக்கும் கட்டில்ல செருப்போடதான் உக்காந்திருந்தாரு. எக்கோஸ்பிரின் விஷயம் சிஸ்டர் சொன்னது சரி, பனியன் பைல ஒரு அட்டை இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டியாச்சு.


கேஜிஎஃப்_பையன் | திங்கள் மாலை 5:25

அப்டேட். பிசிவி 42க்கு இறங்கிடுச்சு, பிளேட்லெட் சனிக்கிழமை 48 ஆயிரம் வரைக்கும் போயி இன்னிக்கு 93 ஆயிரம். டாக்டரே டிஸ்சார்ஜ் எழுதிட்டாரு, லாமா இல்லாம. ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு பேப்பர் போச்சு, இன்சூரன்ஸ்ல இருந்து இன்னும் ஃபைனல் அப்ரூவல் வரலைன்னு உக்கார வெச்சிருக்காங்க, இன்னொரு நாள் ரூம் சார்ஜ் விழும்னு கவுண்டர்ல சொல்றாங்க. அப்பா மறுபடி செருப்ப மாட்டிட்டாரு.


முன்னாள்_டிபிஏ | திங்கள் மாலை 5:31

ஆஸ்பத்திரி அனுப்பி மூணு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு 2024 மே மாச ஐஆர்டிஏஐ சர்க்குலர் இருக்கு, லேட்டானா அதனால ஏறற சார்ஜ இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டணும். அத சொல்லி டெஸ்க்ல இருந்து ஒரு மெயில் போட வைங்க, காப்பி உங்களுக்கும் வரணும்.


நைட்ஷிஃப்ட்_சிஸ்டர் | திங்கள் மாலை 5:48

வியாழக்கிழமை ஒரு சிபிசி (பிளேட்லெட், பிசிவி எல்லாம் வர்ற ரத்த டெஸ்ட்) எடுத்து பாத்துடுங்க. எக்கோஸ்பிரின் எப்ப ஆரம்பிக்கணும்னு சம்மரில எழுதி வாங்காம வெளில வராதீங்க.


கேஜிஎஃப்_பையன் | திங்கள் மாலை 6:20

மெயில் போட்டதும் வந்துடுச்சு அப்ரூவல். எக்கோஸ்பிரின் எழுதி வாங்கிட்டேன். ட்ரெயின்ல போலாம், காருக்கு எதுக்கு ரெண்டாயிரம்ங்கறாரு.